ஆடியில் நடாத பந்தக்கால்

அப்பா சர்க்கார் ஆபீஸில் இத்தனை வருஷமாக என்ன வேலை பார்த்தார் என்பது, அவர் ரிட்டயர் ஆகி வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. செய்ய வந்தவனைச் செய்யவிடாமல் நிறுத்திவைக்கும் வேலை. அதில் அவர் மகா கெட்டிக்காரர். ஆபீஸில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் நாங்கள் வேளாவேளைக்குக் காப்பி கொடுத்தோம்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் அப்போது திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, காவேரிப் பாலம் தாண்டிப் போய், சாயங்காலம் திரும்பி வருவேன். கல்யாணம் ஆகவில்லை. அது தெருவில் எல்லோருக்கும் கவலையாக இருந்தது, எனக்கு மட்டும் இல்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அக்கா கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்து வீடுகளைப் போலவே அகலத்தில் கஞ்சத்தனமும் நீளத்தில் தாராளமுமாகக் கட்டியது. வாசலில் கூப்பிட்டால் கொல்லையில் கேட்காது. அந்தக் கொல்லை அம்மாவுடையது. கிணறு, துவைக்கிற கல், அதற்குப் பின்னால் மதில்வரைக்கும் பாத்திகள். அப்பா ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில் பல் தேய்க்கக் கிணற்றடிவரை வருவார். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எந்த மாசத்தில் எது காய்க்கும் என்பது இலையில் விழுந்தால்தான் தெரியும். விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு உப்பு ஒரு கல் குறைச்சல் என்பார்.

அம்மா முசிறிப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தவற்றில் நகை போன இடம் தெரியவில்லை, பாத்திரம் நசுங்கிப் போயிற்று, அவரை விதை மட்டும் நின்றது. பட்டை அவரை. உள்ளங்கை நீளம் இருக்கும், ஓரத்தில் மட்டும் ஊதா ஓடும். ஆடியில் ஊன்றினால் மார்கழியில் பூத்து, தையில் கொடி தெரியாமல் காய்க்கும். முற்றியதில் நல்லதாகப் பார்த்து விதைக்கு விட்டு, காயவைத்து, சாம்பலில் புரட்டி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். யாருக்கும் ஒரு விதை கொடுக்க மாட்டாள். தெருவில் கேட்காத மாமி கிடையாது. “இந்த வருஷம் விதைக்கு விடலையே மாமி” என்று கண்ணை நேரே பார்த்துப் பொய் சொல்லுவாள். மற்ற எதிலும் என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த விதைக்கு ஒரு ஆபத்து வந்திருந்தது. முசிறியில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, நிலத்தையும் வீட்டையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மெட்ராஸுக்குப் போய்விட்டார். வாங்கினவர் கொல்லையைத் திருத்தி வாழை வைத்துவிட்டார். அங்கே இனி ஒரு கொடி கிடையாது. மாமாவுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. மாம்பலத்தில் எல்லாக் காயும் கிடைக்கிறது என்று வந்த இடத்தில் பெருமையாகச் சொன்னார். அதற்கடுத்த ஆடியில் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா பெங்களூர் போக வேண்டியிருந்தது. டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அப்பாவையும் என்னையும் அவள் நம்பவில்லை. அது சரியான தீர்மானம்தான். ஆனால் அந்த வருஷம் விதை ஊன்றவில்லை, திரும்பி வந்து திறந்து பார்த்தபோது பாதி விதையில் வண்டு விழுந்திருந்தது. ஓட்டை விழாததைப் பொறுக்கி மறுபடி சாம்பலில் போட்டாள். “அடுத்த ஆடிக்கு இது முளைக்கும். அதுக்கு மேல தாங்காது” என்றாள். அந்த அடுத்த ஆடிக்கு முந்தின சித்திரையில் அப்பா ரிட்டயர் ஆனார்.

வந்தவர் முதல் ஒரு மாசம் தூங்கினார். வைகாசியில் விழித்துக்கொண்டார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இங்கே எதிலும் ஒழுங்கு இல்லை என்று கண்டுபிடித்தார். சமையலறையில் கைவைக்கத் தைரியம் இல்லை. என் பள்ளிக்கூட விஷயத்தில் தலையிட்டால் நான் திருப்பிக் கொடுப்பேன். மிஞ்சியது கொல்லை. கொல்லைத் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மடியில் பேப்பர், பக்கத்தில் பஞ்சாங்கம், கையில் விசிறி. அதிலிருந்து எழுந்திருக்காமலே தோட்ட வேலை செய்தார்.

ஆனி பிறந்தால் கோடைப் பயிர் ஓய்ந்துவிடும். வெள்ளரிக் கொடி காய்ந்து சுருண்டிருக்கும். கொத்தவரை நார் கட்டியிருக்கும். கீரைத்தண்டு பூ எடுத்திருக்கும். வெண்டை மட்டும் ஆள் உயரம் நின்றுகொண்டு நுனியில் ஒன்றிரண்டு வைக்கும், அதையும் அரிவாள்மணை ஏற்றுக்கொள்ளாது. அம்மா வழக்கப்படி ஒரு நாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் பிடுங்கப் போனாள். பிடுங்கி, கொத்தி, எரு போட்டு, வெயிலில் ஒரு மாசம் காய விட்டால்தான் ஆடிக்கு மண் கேட்ட பேச்சைக் கேட்கும்.

“என்ன பண்றே?” என்று தாழ்வாரத்திலிருந்து குரல் வந்தது.

“பிடுங்கறேன்.”

“அதுல பூ இருக்கோன்னோ?”

“இருக்கு. காய்ச்சாலும் கத்தி இறங்காது.”

“காய்க்கிற செடியைப் பிடுங்கறது பாவம். அது காலம் முடியட்டும். இன்னும் கொஞ்ச நாள் குடு.”

அப்பா ரிட்டயர் ஆகுமுன் எக்ஸ்டென்ஷன் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். கிடைக்கவில்லை. தனக்குக் கிடைக்காத எக்ஸ்டென்ஷனை வெண்டைச் செடிக்குக் கொடுத்தார். அம்மா கையை உதறிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆபீஸில் குமாஸ்தாக்கள் அவரைச் சகித்துக்கொண்டார்கள் என்றால் அவர்களுக்குப் பென்ஷன் உண்டு. அம்மாவுக்கு என்ன உண்டு?

அவர் மத்தியானம் தூங்கும் நேரத்தில் அம்மா ஒவ்வொரு வரிசையாகப் பிடுங்கினாள். எழுந்து பார்ப்பார். ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். எது என்று தெரியாது. பத்து நாளில் கொல்லை சுத்தமாகிவிட்டது. “பார்த்தியா, தானாவே முடிஞ்சுடுத்து” என்று என்னிடம் சொன்னார்.

ஆடி பிறந்தது. காவேரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று பால்காரன் சொன்னான். எங்கள் கிணற்றிலும் தண்ணீர் மேலே ஏறியது. தீவில் இருக்கிறவர்களுக்கு ஆறு வருவது கிணற்றில்தான் முதலில் தெரியும். அம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. கொடிக்குப் பந்தல் போட மூங்கில் வேண்டும், அதை அவளால் தனியாக நட முடியாது. ஆள் ஒருவனைக் கூப்பிடவேண்டும். காலையில் அப்பாவுக்குக் காப்பியைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

“நாளைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன். பந்தக்கால் நடணும்.”

அவள் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பாள். கொம்பு ஊன்றணும், மூங்கில் நடணும், கொடிக்கு ஏதாவது கட்டணும் என்று சொல்லியிருக்கலாம். பந்தலுக்குக் கால் நடுவது அவளுக்குப் பந்தக்கால். அப்பாவுக்குப் பந்தக்கால் என்றால் கல்யாணம். காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது.

“ஆடியில பந்தக்கால் நடறதாவது?”

“அவரைக்குன்னா.”

“எதுக்கா இருந்தா என்ன? பந்தக்கால் பந்தக்கால்தான். ஆடி மாசம் சுபகாரியம் ஒண்ணும் ஆரம்பிக்கப்படாது. ஆவணி பொறக்கட்டும்.”

“ஆவணியில போட்டா கொடி ஏறறதுக்குள்ள மழை வந்துடும். ஊரே ஆடியிலதானே விதைக்கறது?”

“ஊரு பண்ணட்டும். ஊருக்குச் சாஸ்திரம் தெரியாது.”

நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். மேலே முசிறி வரையிலும் கீழே கடல் வரையிலும் காவேரிக் கரையில் ஒரு ஜனம் விடாமல் விதை ஊன்றுகிற மாசத்தை, விதை ஊன்றக் கூடாத மாசம் என்று ஒருவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லுகிறார். இந்தத் தப்பைச் செய்ய வேறு யாராலும் முடியாது. பயிர் தெரிந்தவன் செய்ய மாட்டான். சாஸ்திரம் தெரிந்தவனும் செய்ய மாட்டான். இரண்டும் அரைகுறையாகத் தெரிந்து, வேறு வேலையும் இல்லாத ஒருவர் வேண்டும்.

அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் காலை அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வந்த வாத்தியாரிடம், அவர் கிளம்பும்போது, கதவோரம் நின்று கேட்டாள். வாத்தியார் சிரித்துவிட்டார்.

“பயிர் வைக்கறதுக்கு ஆடியில ஏது தோஷம்? பஞ்சாங்கத்துலயே விதை விதைக்க நாள்னு ஆடிக்கும் போட்டிருக்கே, பாருங்கோ ஸ்வாமி.”

அப்பா பார்த்தார். போட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

“அது குடியானவாளுக்குப் போட்டது. நமக்கில்லை.”

வாத்தியாருக்கு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய அவசரம். “உங்காத்து சம்பிரதாயம் எப்படியோ அப்படிச் செய்யுங்கோ” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சம்பிரதாயம் அந்த நிமிஷம்வரை கிடையாது. அன்றிலிருந்து உண்டாயிற்று. வந்த ஆளை அப்பாவே வாசலோடு திருப்பி அனுப்பினார்.

அம்மா அன்று சாயங்காலம் டப்பாவைத் திறந்து விதைகளை முறத்தில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் சிலவற்றில் ஓட்டை. நான் சொன்னேன்:

“அப்பாவைக் கேக்காம மதிலோரமா நாலு விதையை ஊனிடேன். பார்க்கவா போறார்?”

“ஒரு நாளைக்குப் பார்ப்பார். பிடுங்கச் சொல்லுவார்.”

“சொன்னா பிடுங்கிடுவியா?”

“கொடி ஏறினதுக்கப்புறம் பிடுங்கச் சொன்னா, என்னால ஆகாதுடி” என்றாள்.

எனக்கு அவள்மேலும் கோபம்தான். இவ்வளவு தெரிந்தவள் ஏன் இவ்வளவு பணிந்து போகவேண்டும் என்று கோபம்.

ஆடிப் பெருக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தில் அன்று பெருமாளே புறப்பட்டு அம்மா மண்டபப் படித்துறைக்கு எழுந்தருளி, காவேரிக்குப் புடவையும் மாலையும் சீராகக் கொடுக்கிறார். பெருமாளுக்கு ஆடியில் சீர் கொடுக்கலாம், எங்கள் வீட்டு அவரைக்கு ஒரு கொம்பு கொடுக்கக் கூடாது. இதை நான் அப்பாவிடம் சொன்னேன். “பெருமாளோட நீ போட்டி போடாதே” என்றார்.

அம்மா சித்ரான்னம் கட்டிக்கொண்டாள். எலுமிச்சம் சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம். படித்துறையில் சுமங்கலிகளுக்குக் கொடுக்க வெற்றிலை, பாக்கு, மஞ்சள், கருகமணி எல்லாம் ஒரு தட்டில் எடுத்துவைத்தாள். அப்பா வந்து பார்த்தார். சீட்டித்துணியில் கட்டின ஒரு மூட்டை இருந்தது.

“அது என்ன?”

“தாம்பூலத்தோட தானியம் வைச்சுக் குடுக்கப்போறேன். மடி நிறைக்கறதுக்கு.”

“பேஷாக் குடு. தானம்தானே, ஆடியில நல்லது” என்றார்.

படித்துறையில் நிற்க இடமில்லை. புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் மேல்படிவரை ஓடியது. எங்கள் தெரு மாமிகள் எல்லோரும் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் குங்குமம் கொடுத்து, முந்தானையை ஏந்தச் சொல்லி, வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி விதையைப் போட்டாள். முதல் மாமிக்குப் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. பிறகு தயங்கவில்லை. இருபது வருஷமாகக் கேட்டும் கிடைக்காதது மடியில் வந்து விழுந்ததும் மாமிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர் வீட்டு மாமிதான் முதலில் குனிந்து பார்த்தாள்.

“முசிறி அவரையா! உங்களுக்கு வேண்டாமா?”

“நாளைக்கே போட்டுடுங்கோ. நாளன்னிக்குன்னு வைக்காதேங்கோ” என்றாள் அம்மா.

கடைசியில் சீட்டித்துணியைக் காவேரியில் அலசிப் பிழிந்தாள். அதில் ஒரு விதை ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எங்களுக்கு ஒன்றாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். எங்கே போட என்று கேட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான்தான் அழுதேன். கோபம் வந்தால் அழுகை வருவது எனக்கு இன்றுவரை தீராத வியாதி.

ஆவணி பிறந்தது. அப்பா நாள் பார்க்க ஆரம்பித்தார். செவ்வாய், சனி ஆகாது. அஷ்டமி, நவமி ஆகாது. ஒரு நாள் கரிநாள். ஒரு நாள் அவருக்குச் சந்திராஷ்டமம். நல்லதாக ஒரு புதன்கிழமை வந்தது. அன்று பூனை குறுக்கே போயிற்று. பூனை எங்கள் வீட்டிலேயே இருக்கிற பூனை, அது எப்போதும் குறுக்கேதான் போகும். ஆவணி முடிய இரண்டு நாள் இருக்கையில் நாள் கிடைத்தது.

காந்தி மார்க்கெட்டிலிருந்து கைவண்டியில் மூங்கில் வந்தது. அதை அவர் வாசலிலேயே நிறுத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நுனியில் மாவிலைக் கொத்துக் கட்டினார். சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் நுழைந்ததும், மூன்றாம் வீட்டு மாமி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லவே இல்லையேடி! மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?”

“மாப்பிள்ளை இல்லை மாமி. புடலங்காய்.”

மாமிக்கு விளங்க வெகுநேரம் ஆயிற்று. தெருவுக்கு அது ஒரு மாசத்துக்குக் காணும். என்னைப் பார்த்தால் புடலங்காய் சௌக்கியமா என்று கேட்பார்கள். நானும் சௌக்கியம் என்பேன்.

சௌக்கியமாக இல்லை. அப்பா புடலையும் பீர்க்கையும் தன் கையாலேயே நட்டார். மடி வேஷ்டியோடு இறங்கி, கடிகாரத்தைப் பார்த்து, குழி தோண்டி, விதையைப் புதைத்தார். புதைத்தார் என்றுதான் சொல்லவேண்டும், அத்தனை ஆழம். கொத்தி எரு போட்டிருந்த மண்ணானதால் அப்படியும் சில முளைத்தன. புரட்டாசியில் கணுக்கால் உயரம் வந்தன. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பாத்தியில் தண்ணீர் நின்றது. கொடி வளைந்து மண்ணில் படுத்தது. தாழ்வாரத்திலிருந்து அப்பா கத்தினார்:

“தண்ணி தேங்கறதே! ஒரு வாய்க்கால் வெட்டிவிடப்படாதா?”

“நாள் பார்த்துச் சொல்லுங்கோ, வெட்டறேன்” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

அவள் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மழை நின்றபோது கொல்லையில் மாவிலை காய்ந்து தொங்கிய மூங்கில் மட்டும் இருந்தது. அந்த வருஷம் முழுக்கக் காய் கடையிலிருந்து வந்தது. கடைக்காய் வாடல் என்று அப்பா குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

தை பிறந்தது. எங்கள் தெருவில் கொல்லை உள்ள வீடுகளிலெல்லாம் ஊதா ஓரம் வைத்த அவரை காய்த்துத் தள்ளியது. மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தால் மதில்களின் மேலும் கீற்றுக் கொட்டகைகளின் மேலும் அம்மாவின் கொடிதான் தெரியும். எங்கள் கொல்லை ஒன்றுதான் மொட்டை. மாமிகள் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நேற்றுவரை கீரைப்பாத்தி போடத் தெரியாதவர்களெல்லாம் அவரை வளர்ப்பது எப்படி என்று அம்மாவுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். எதிர் வீட்டு மாமி ஒருத்திதான் ஒன்றும் சொல்லாமல் கூடையை வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பள்ளிக்கூட நாள். நான் சீக்கிரம் கிளம்பவேண்டியவள் என்று அப்பாவுக்குப் பக்கத்திலேயே எனக்கும் இலை. அவரைக்காய்க் கறி. அப்பா ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார்.

“யாராத்து அவரை?”

“எதிராத்துது.”

“நன்னா இருக்கு. அவளுக்குக் கைராசி. நீயும் அவளைக் கேட்டுக் கத்துக்கலாம்.”

எனக்குத் தாங்கவில்லை. “அது அம்மா கொடுத்த விதை. தெரு முழுக்க அம்மாவோட விதைதான்” என்றேன்.

அப்பா நிதானமாக மென்று விழுங்கினார்.

“தெரியுமே. ஓரத்தைப் பார்த்தாலே தெரியறதே. ஆடியில போட்ட தோஷம் போட்டவாளைச் சேரும். காய்க்கு என்ன தோஷம்?”

அம்மா கரண்டியோடு நின்றாள். “தோஷம் அவாளுக்கு, கறி மட்டும் நமக்கா?” என்று கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் போடு” என்றார் அப்பா.

போட்டாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். அன்று என் வகுப்புப் பெண்களுக்கு நல்ல திட்டு விழுந்திருக்கும்.

அவர் ஒன்றும் கல் இல்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அவள் கேட்டது அவர் காதில் விழுந்துதான் இருந்தது. அதற்கடுத்த ஆனியில் ஒரு நாள், அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கையில், யாரிடமோ பேசுகிற மாதிரி சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“இந்த வருஷம் வேணும்னா ஆடியிலயே போட்டுக்கோ. பஞ்சாங்கத்துல நாள் இருக்கத்தான் இருக்கு. அந்த ஆளை வரச் சொல்றேன்.”

“விதை இல்லையே.”

“எதிராத்துல கேளேன். குடுக்க மாட்டாளா?”

“குடுப்பா. நீங்க போய் வாங்கிண்டு வாங்கோ” என்றாள் அம்மா. தலையை நிமிர்த்தவில்லை. அரிசியிலேயே கண்ணாக இருந்தாள்.

அப்பா அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனார். எதிர் வீட்டு மாமி கோலத்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, தெருவில் போன யாரிடமோ மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, உள்ளே வந்து அங்கவஸ்திரத்தைக் கொடியில் போட்டார். அம்மா களைந்த அரிசியை உலையில் போட்டாள். அந்த ஆடி போயிற்று.

அதற்கப்புறம் பல ஆடி போயிற்று. ஊரில் எவ்வளவோ மாறியது. ஆட்சி மாறியது, பாலத்தில் பஸ் அதிகமாயிற்று, நானும் கல்யாணம் செய்துகொண்டு திருச்சியில் குடித்தனம் வைத்தேன். எங்கள் கொல்லையில் அம்மா கீரை போட்டாள், வெண்டை போட்டாள், பாகல் போட்டாள். ஆடியில்தான் போட்டாள், அப்பா வாயைத் திறக்கவில்லை. அவரை மட்டும் போடவில்லை. மாமிகள் எத்தனையோ தரம் விதையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். “உங்களோடதுதானே மாமி, எடுத்துக்கோங்கோ” என்பார்கள். “அவர் வந்து வாங்கிப்பார்” என்று சொல்லி அனுப்பிவிடுவாள். எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும். அவரா வாங்குவார்? ஒரு தெருவைக் கடக்க முடியாத மனுஷர். செருப்புக்கூட வேண்டாம், அத்தனை கிட்டத்தில் அந்த வாசல்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனியில் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து, ஆனியில் நான் அம்மாவோடு இருக்க வந்தேன். எதிர் வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஒவ்வொரு ஆனியிலும் நல்ல விதையாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டி மாடத்தில் வைத்துவிடுவாளாம். அப்பா எங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போதெல்லாம் இன்றைக்குத்தான் வரப்போகிறார் என்று நினைப்பாளாம். இந்த வருஷத்துப் பொட்டலமும் இருந்தது. என்னிடம் கொடுத்தாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். தடுக்க இனி யாரும் இல்லை. மூங்கிலுக்கு யாரிடம் சொல்வது, எந்த மதிலோரம் விடுவது என்று அந்தத் தெருவைக் கடப்பதற்குள் எல்லாம் தீர்மானித்துவிட்டேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் ஒரு விதையை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். நல்ல விதைதான்.

“உன்னை யாருடி வாங்கிண்டு வரச் சொன்னா?” என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்டது விதை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்த விதையைத் திரும்ப மற்றவற்றோடு போட்டு, காகிதத்தை மடித்து, முன்பு இருந்த மாதிரியே கட்டி என் கையில் கொடுத்தாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றாள்.

கொடுத்துவிட்டு வந்தேன்.